பழைய பாரசீகக் கம்பளம்: அதன் வடிவம் பிறந்த இடத்தைக் கண்டறியும் முறை

வணிகர் ஒரு பழைய பாரசீகக் கம்பளத்தை ‘பிஜார்’ என்றோ ‘கெர்மான்’ என்றோ சொன்னால், அந்தப் பெயர் அது நெய்யப்பட்ட ஊரை மட்டுமே குறிக்கிறது. சில வேளைகளில் அது விலைபோன சந்தையை மட்டுமே குறிக்கிறது. கம்பளத்தின் மேல் நாம் காணும் வடிவம் வேறோர் ஊரில், வேறொரு நூற்றாண்டில், பெரும்பாலும் நெசவோடு தொடர்பே இல்லாத வேறொரு கலையில் பிறந்ததாக இருக்கும். ஆகவே ‘இதன் வடிவம் எங்கிருந்து வந்தது’ என்ற கேள்வியை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது: முதலில் வரைந்தவர் யார், நெய்தவர் யார், நெய்யச் சொல்லிக் கேட்டவர் யார். இந்த மூன்றுக்கும் ஒரே விடை கிடைக்கும் கம்பளங்கள் மிகக் குறைவு. ‘இந்தச் சின்னத்துக்கு என்ன பொருள்’ என்பது நான்காவது கேள்வி. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். பல கம்பளங்களில் அதைக் கேட்காமலே விட்டுவிடலாம்.

சந்தை வழக்கில் நூறு ஆண்டைக் கடந்த கம்பளமே தொன்மையானது என்று கருதப்படுகிறது. கீழே வரும் படிகள் அத்தகைய கம்பளங்களுக்காக, குறிப்பாக 16ஆம் நூற்றாண்டு முதல் 1920-கள் வரை ஈரானில் நெய்யப்பட்டவற்றுக்காக எழுதப்பட்டவை.

படி 1: முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

வண்ணமும் பூவும் கண்ணை இழுக்கும் முன்பக்கத்தில் தொடங்கினால் ஊகம் முந்திக்கொள்ளும். ஒரு மூலையைப் புரட்டி, குஞ்சத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். குஞ்சம் தனியாகத் தைக்கப்பட்ட அலங்காரமன்று, நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் முனையே அது. பாவு கம்பளி நூலாக இருந்தால் காஷ்காய், அஃப்ஷார், பலூச் போன்ற நாடோடி அல்லது அரை நாடோடிக் குழுக்களின் பக்கம் நினைவு போகலாம். பருத்தியாக இருந்தால் நிலையான ஊர் அல்லது நகரம். பட்டாக இருந்தால், பணமும் பயிற்சியும் உள்ள நகரப் பட்டறை.

அடுத்து, குறுக்கே ஓடும் ஊடை நூல். நீலச் சாயமிட்ட பருத்தி ஊடை காஷானையும் சாரூக்கையும் நினைவூட்டும். ஒவ்வொரு முடிச்சு வரிசைக்கும் ஒரே ஊடை மட்டும் ஓடினால், பின்பக்கத்தில் பாவு நூல் சிறு வெண்புள்ளிகளாக எட்டிப் பார்க்கும். ஹமதான் வட்டாரத்து ஊர்களின் அடையாளம் அது. பிஜாரில் ஊடையை இரும்புச் சீப்பால் அடித்து இறுக்கிவிடுவார்கள். அந்தக் கம்பளம் மடியவே மறுக்கும். கெர்மானில் வரிசைக்கு மூன்று ஊடை ஓடும்.

முடிச்சு இரண்டு வகை. இரண்டு பாவு நூல்களையும் முழுதாகச் சுற்றுவது சமச்சீர் முடிச்சு. இது வடமேற்கு ஈரானிலும் துருக்கிய, குர்திய மக்களிடையேயும் வழக்கம். ஒரு நூலை முழுதாகச் சுற்றி, மற்றொன்றின் அடியில் மட்டும் நுழைந்து வருவது சமச்சீரற்ற முடிச்சு. காஷான், இஸ்ஃபஹான், கெர்மான் நகரங்களில் இதுவே வழக்கம். இந்த இரண்டாவது முடிச்சுக்கு வணிகர்கள் ‘சென்னே முடிச்சு’ என்று பெயர் வைத்தார்கள். ஆனால் சென்னே, அதாவது இன்றைய சனந்தஜ் நகரின் குர்தியர்கள், பெரும்பாலும் நெய்வது முதல் வகையைத்தான். பெயரை நம்பி முடிவெடுக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

முடிச்சே இல்லாமல், பவானி ஜமுக்காளம் போலத் தட்டையாக நெய்யப்பட்டிருந்தால் அது கிலிம். அதன் வடிவ வரலாறு வேறு. இந்த வழிகாட்டி அதற்குப் பொருந்தாது.

படி 2: கோடு வளைகிறதா, முறிகிறதா

சதுர அங்குலத்துக்கு 60 முடிச்சுகள் உள்ள கம்பளத்தில் ரோஜா இதழின் விளிம்பு படிப்படியாக முறிந்துதான் விழும். 300 முடிச்சுகளைத் தாண்டும்போது அதே விளிம்பு கண்ணுக்கு வளைவாகத் தெரியும். ஆனால் இதை முடிச்சின் நெருக்கத்தோடு மட்டும் நிறுத்திவிடக்கூடாது. கொடிகள் ஒன்றின் மேல் ஒன்று புரண்டு, மைய அச்சின் இருபுறமும் அச்சு மாறாமல் ஒத்து வந்தால், அங்கே காகிதத்தில் வரைந்த மூலப்படம் இருந்திருக்கிறது என்று பொருள். கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு முடிச்சு என்று வரையப்படும் அந்தப் படத்தை ஈரானில் ‘நக்‌ஷே’ என்பார்கள். அதை ஒருவர் பார்த்து, எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்று உரக்கப் படிக்க, தறியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் கேட்டுக்கேட்டு முடிச்சிடும் பழக்கமும் பட்டறைகளில் இருந்தது.

நாடோடிப் பெண்ணின் தறியில் தாள் இல்லை. தாயிடமும் அத்தையிடமும் கற்ற வடிவங்கள் மனத்தில் இருக்கும். அளவு சற்று மாறும், ஒரு பக்கத்தில் வந்த பறவை மறுபக்கத்தில் வராமல் போகும், இடம் மிஞ்சினால் ஒரு நட்சத்திரமோ ஆடோ வந்து உட்காரும். இவ்விரண்டுக்கும் நடுவே ஊர்க் கம்பளங்கள் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தவை இவையே. வடமேற்கில் உள்ள ஹெரிஸ் வட்டாரத்து நெசவாளர்கள் நகரத்தில் வரைந்த வளைவான பதக்க வடிவத்தைச் சிறு மாதிரியிலிருந்து எடுத்து, கட்டத்தாள் இல்லாமலே பெரிய கம்பளமாக விரித்தார்கள். விரியும்போது வளைவெல்லாம் கூரிய கோணங்களாக முறிந்து, மூலத்தில் இல்லாத ஒரு கம்பீரம் பிறந்துவிட்டது. வரைந்தது நகரம், நெய்தது மலையூர் என்று இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். (பழைய ஹெரிஸ் கம்பளங்களை ‘செராபி’ என்ற பெயரில் கூடுதல் விலைக்கு விற்பார்கள். அப்படி ஓர் ஊர் கிடையாது. அது சந்தை சூட்டிய பெயர்.)

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வழி உண்டு. நேர்கோடு பழையது, வளைவு புதியது என்று வரிசைப்படுத்தத் தோன்றும். 1949இல் தொல்லியலாளர் செர்கே ருடென்கோ சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில், பாசிரிக் என்ற இடத்துப் புதைமேட்டிலிருந்து எடுத்த கம்பளம் ஏறத்தாழ 2,300 முதல் 2,500 ஆண்டுகள் பழைமையானது. உள்ளே புகுந்த நீர் உறைந்து பனிக்கட்டியாக இருந்ததால் அழியாமல் கிடைத்தது. அதில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3,60,000 சமச்சீர் முடிச்சுகள் இருக்கின்றன. கரையில் மான்களும் குதிரை வீரர்களும் அணிவகுக்கிறார்கள். முறிந்த கோட்டையும் வளைந்த கோட்டையும் பிரிப்பது காலமன்று. தறியின் பின்னால் இருந்த ஏற்பாடே.

படி 3: தனித்தனி பூக்களை விட்டு, முழு அமைப்பைப் பாருங்கள்

பத்தடி தள்ளி நின்று, கரைக்கு உள்ளே இருக்கும் உடல்பகுதி எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நடுவில் பெரிய பதக்கமும், நான்கு மூலைகளிலும் அதன் கால் பங்கும் இருந்தால் அது ‘லச்சக்-தொரஞ்ச்’ அமைப்பு. உலகம் முழுதும் பாரசீகக் கம்பளம் என்றவுடன் நினைவுக்கு வருவது இதுதான். ஆயினும் இது தறியில் பிறந்ததன்று, புத்தகத்தில் பிறந்தது.

15ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வரையப்பட்ட பாரசீக நுண்ணோவியங்களில், அரசர்கள் உட்கார்ந்திருக்கும் கம்பளங்களில் சிறுசிறு எண்கோணங்களும் நட்சத்திரங்களும்தான் திரும்பத்திரும்ப வருகின்றன. அந்த நூற்றாண்டின் இறுதியை நெருங்கும்போது ஓவியத்திலுள்ள கம்பளங்களில் பதக்கமும் கொடியும் நுழைகின்றன. அதே காலத்தில், திமூரிய மரபினர் ஆண்ட ஹெராத்தில் (இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள நகரம்), தோல் அட்டைகளிலும் நூலின் முதல் பக்கத்து ஒளிவட்ட அலங்காரங்களிலும் அதே பதக்கமும் அதே கால்பங்கு மூலைகளும் முழுமை பெற்றுவிட்டன. 1501இல் ஷா இஸ்மாயில் தப்ரீஸில் சஃபாவித் ஆட்சியை நிறுவினார். ஹெராத்தின் புகழ்பெற்ற ஓவியர் பிஹ்ஸாத் 1522இல் அரச நூலகத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். நூலகம் என்றால் புத்தகம் அடுக்கிய அறை அன்று. எழுத்தர், ஓவியர், பொன்பூச்சுக்காரர், அட்டை கட்டுபவர் எல்லாரும் கூடி வேலை செய்த அரச வரைபட அலுவலகம் அது. அங்கே வரையப்பட்ட ஒரே கொடி, ஏட்டின் ஓரத்திலும் ஓட்டுச் சுவரிலும் பட்டுத்துணியிலும் கம்பளத்திலும் ஏறியது.

இதை ஒரே கம்பளத்தில் காண வேண்டுமானால் அர்தபில் கம்பளத்தைப் பார்க்க வேண்டும். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள இது 10 மீட்டருக்கு மேல் நீளமும் 5 மீட்டருக்கு மேல் அகலமும் கொண்டது. பட்டுப் பாவு, பட்டு ஊடை, கம்பளி முடிச்சு. சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 340 முடிச்சுகள். மொத்தம் இரண்டரைக் கோடிக்கும் மேல். அடர்நீல உடலின் நடுவில் மஞ்சள் பதக்கம் கதிர் வீசுகிறது. அதைச் சுற்றிக் கூர்முனை கொண்ட 16 நீள்வட்டங்கள். பதக்கத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொரு தொங்கு விளக்கு. ஒரு விளக்கு மற்றொன்றைவிடப் பெரியது. சிறிய விளக்கின் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் இரண்டும் ஒரே அளவாகத் தெரியும் என்பதற்காக அப்படி வரைந்தார்கள் என்பது ஒரு கருத்து. இறைவன் ஒருவனே குறையற்றவன் என்பதால் வேண்டுமென்றே விட்ட பிழை என்பது இன்னொன்று. கம்பளத்தில் காணும் எந்தக் கோணலுக்கும் இந்த இரண்டாவது விளக்கத்தைச் சொல்லி விற்பது கடைக்காரர்களின் வழக்கமாகிவிட்டதால், அதை நான் எளிதில் ஏற்பதில்லை.

ஒரு முனையில் பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் கஜலிலிருந்து இரண்டு வரிகளும், ‘வாசலின் அடிமை மக்ஸூத் காஷானி’ என்ற பெயரும், ஹிஜ்ரி 946 என்ற ஆண்டும் நெய்யப்பட்டுள்ளன. அது 1539–40, ஷா தஹ்மாஸ்ப் ஆண்ட காலம். மக்ஸூத் தம் கையால் நெய்தவர் அல்லர். வேலையைத் திட்டமிட்டு நடத்தியவராக இருக்கவே வாய்ப்பு மிகுதி. இதனோடு இணையாக நெய்யப்பட்ட இரண்டாவது கம்பளத்தின் பகுதிகளை வெட்டி எடுத்துத்தான் லண்டன் கம்பளத்தைச் சீர்செய்தார்கள். கரை இழந்த அந்த இரண்டாவது, இன்று லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1893இல் லண்டன் அருங்காட்சியகம் 2,000 பவுண்டு கொடுத்து முதல் கம்பளத்தை வாங்கியபோது, வாங்கலாம் என்று பரிந்துரைத்தவர் வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ். அதன் பிறகு இந்த வடிவம் எண்ணற்ற முறை நகலெடுக்கப்பட்டது. ஆகவே 16 நீள்வட்டங்கள் கொண்ட கம்பளம் கிடைத்தால் வடிவம் 16ஆம் நூற்றாண்டு, கம்பளம் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு.

உடல்பகுதி கட்டங்களாகவோ வாய்க்கால்களாகவோ பிரிந்திருந்தால் அது தோட்ட அமைப்பு. நீரோடை குறுக்கும் நெடுக்கும் ஓட, நான்காகப் பிரியும் ‘சார்பாக்’ தோட்டத்தை மேலிருந்து பார்ப்பது போன்ற வரைபடம் அது. கி.பி. 637இல் அரபுப் படை, இஸ்லாத்துக்கு முன் ஈரானை ஆண்ட சசானியரின் தலைநகர் டெசிபோனைக் கைப்பற்றியபோது, அரண்மனையில் கிடைத்த ‘வசந்த’க் கம்பளத்தை மதீனாவுக்கு அனுப்பி, துண்டுகளாக வெட்டிப் பங்கிட்டதாகவும், அலி தம் பங்கை 20,000 திர்ஹத்துக்கு விற்றதாகவும் வரலாற்றாசிரியர் தபரி எழுதியிருக்கிறார். அது முடிச்சுக் கம்பளம்தானா என்பதற்குச் சான்றில்லை. அதைக் காட்டித் தோட்டக் கம்பளங்களுக்கு ஆயிரம் ஆண்டு மரபு கட்டுவதைவிட, கையில் இருக்கும் சான்றுகளிலிருந்து தொடங்குவதே நேர்மை. 17ஆம் நூற்றாண்டில் கெர்மானில் நெய்யப்பட்ட இரண்டு கம்பளங்கள் நமக்கு உள்ளன: கிளாஸ்கோவின் பரெல் தொகுப்பில் ஒன்று, ஜெய்ப்பூர் ஆல்பர்ட் ஹாலில் ஒன்று. வாய்க்காலில் மீன்கள், கரையில் சைப்ரஸ் மரங்கள். பின்னர் இதே தோட்டம் வடமேற்கு ஈரானிலும் குர்தியரிடமும் போய்க் கோடுகளாக இறுகியது. பக்தியாரி ஊர்களில் ஒவ்வொரு பாத்தியும் தனிச் சதுரமாகி ‘கெஷ்தி’ கம்பளமானது. மைய அச்சும் வாய்க்காலும் மறைந்து, பாத்திகள் மட்டும் எஞ்சியிருப்பதைக் கண்டால் மூலத்திலிருந்து எவ்வளவு தொலைவு வந்திருக்கிறது என்று அளந்துகொள்ளலாம்.

வேட்டைக் காட்சி, ஒற்றை மரம், தொழுகை மாடம் ஆகியவை மற்ற அமைப்புகள். வேட்டைக் காட்சி நேரே ஓவியத்திலிருந்து வந்தது. தொழுகை மாடம், மசூதியில் தொழும் திசையைக் காட்டும் மிஹ்ராபிலிருந்து வந்தது. இவற்றில் குழப்பம் குறைவு.

படி 4: இப்போது தனி வடிவங்கள்

நான்கைந்து வடிவங்களைத் தெரிந்துகொண்டாலே பெரும்பாலான கம்பளங்களின் வழித்தடம் புலப்படும்.

ஹெராத்தி வடிவத்திலிருந்து தொடங்குங்கள். நடுவில் ரோஜா போன்ற வட்டப்பூ. அதைச் சுற்றிச் சாய்சதுரம். சாய்சதுரத்தின் முனைகளில் சிறு பூக்கள். நான்கு பக்கத்துக்கும் வெளியே ஒவ்வொரு வளைந்த நீள இலை. இலையை மீனாகக் கண்டவர்கள் இதை ‘மாஹி’ என்கிறார்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஹெராத்தையும் வடகிழக்கு ஈரானின் குராசானையும் சேர்ந்த பெரிய பூங்கொடிக் கம்பளங்களில் பெரும்பூக்களும் வளைந்த இலைகளும் இணைந்து ஓடின. அதைச் சுருக்கி, திரும்பத்திரும்ப அடுக்கக்கூடிய ஒரே அலகாக்கியதுதான் பின்னாளைய ஹெராத்தி. 19ஆம் நூற்றாண்டில் பெராஹான், பிஜார், சென்னே, தப்ரீஸ் எங்கும் அது பரவிவிட்டது. அதனால் இந்த வடிவத்தை வைத்து ஊரைச் சொல்ல முடியாது. படி 1 இல் கண்ட பின்பக்கமே ஊரைச் சொல்லும். ஆனால் அலகு சிறியதாகவும் நெருக்கமாகவும் இருந்து, துணி மெல்லியதாகவும் இருந்தால் சென்னே. அதே வடிவம் பருமனான கம்பளத்தில் இருந்தால் பிஜார். இரண்டும் ஒரே குர்திய நிலத்தில் ஒன்றுக்கொன்று அருகில் உள்ள ஊர்கள்.

தாமரைப்பூ போன்ற பெரிய பிளந்த பூக்களை ‘ஷா அப்பாஸி’ என்பார்கள். 1598இல் தலைநகரை இஸ்ஃபஹானுக்கு மாற்றிய முதலாம் ஷா அப்பாஸின் பெயர் அது. ஆனால் பூ அவரைவிட மிகப் பழையது. ஈரானில் பிறந்ததும் அன்று. 13ஆம் நூற்றாண்டில் மங்கோலிய இல்கானியர் ஈரானை ஆண்டபோது சீனத்துத் தாமரையும் டிராகனும் பீனிக்ஸும் மேற்கே வந்தன. 1270-களில் தக்த்-இ-சுலைமான் அரண்மனையின் சுவர் ஓடுகளில் அவற்றைத் தெளிவாகக் காணலாம். ஓட்டிலிருந்து ஏட்டுக்கு, ஏட்டிலிருந்து கம்பளத்துக்கு என்று அவை இரண்டரை நூற்றாண்டு பயணம் செய்தன. நாடா போல நெளியும் மேகமும் அதே வழியில் வந்ததுதான். இத்தகைய பூங்கொடிகளைக் ‘கத்தாயி’ என்றும், இலை பிளந்து பிளந்து சுருளும் கொடியை ‘இஸ்லிமி’ என்றும் ஈரானிய வரைபடக்காரர்கள் பிரித்துச் சொல்வார்கள். ஒரே கம்பளத்தில் இரண்டும் வெவ்வேறு அடுக்குகளாக, ஒன்றை ஒன்று தடுக்காமல் ஓடினால், வரைந்தவர் தேர்ந்த கை.

அடுத்தது ‘போத்தே’. தமிழ்நாட்டுப் பட்டு நெசவில் மாங்காய் என்று நாம் அறிந்திருப்பது இதே உருவம்தான். ஜொராஸ்டிரியரின் நெருப்பு, காற்றில் வளைந்த சைப்ரஸ், முளைக்கும் விதை என்று இதற்குப் பல பொருள்கள் சொல்லப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை கம்பளம் விற்பவர்களால் சொல்லிச் சொல்லியே நிலைத்தவை. தடயத்தைப் பின்தொடர்ந்தால் வேறொரு கதை கிடைக்கிறது. 17ஆம் நூற்றாண்டுக் காஷ்மீர் சால்வைகளில் வேரோடு கூடிய மெல்லிய பூச்செடி முனையில் வணங்கி நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டில் செடி பூங்கொத்தாகத் திரள்கிறது. பிறகு கொத்தைச் சுற்றி வரம்புக் கோடு விழுந்து, வளைந்த துளி உருவம் நிலைபெறுகிறது. கெர்மானிலும் சால்வை நெசவு செழித்திருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தத் தொழில் நொடித்தபோது, சால்வைக்கு வரைந்தவர்கள் கம்பளத்துக்கு வரையத் தொடங்கினார்கள். கெர்மான் கம்பளத்தின் கோடு மற்ற ஊர்களைவிட நுண்மையாக இருப்பதற்கும் அதில் போத்தே பெருகியதற்கும் காரணம் அதுவே. சாராபந்த் கம்பளங்களில் சிறு போத்தேக்கள் வரிசைக்கு வரிசை திசை மாறி உடல் முழுதும் நிற்கும். காஷ்காய் பெண்களிடம் போனால் அதே உருவம் கோணங்களாக முறிந்து, தாயின் வயிற்றில் குழந்தை போல ஒன்றுக்குள் ஒன்றாக உட்காரும்.

கடைசியாக ‘கோல் ஃபரங்’: ஐரோப்பிய ரோஜாக் கொத்து. காஜார் ஆட்சிக் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில், ஐரோப்பியத் துணிகளும் அச்சுப்படங்களும் வந்து இறங்கியபோது நுழைந்தது. நிழல் கொடுத்துப் பருமன் காட்டிய ரோஜா கம்பளத்தில் இருந்தால் 16ஆம் நூற்றாண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

படி 5: கரையின் மூலையைச் சோதியுங்கள்

இது சிறிய சோதனை, பயன் பெரிது. கரையில் ஓடும் கொடி மூலையில் 45 பாகையில் அழகாகத் திரும்பி, நான்கு மூலைகளும் ஒத்திருந்தால் கட்டத்தாள் இருந்திருக்கிறது. கிடைக்கரை வந்து நெடுங்கரையில் முட்டி நின்றுவிட்டால், நெசவாளர் மனக்கணக்கில் நெய்திருக்கிறார். முதல் இரண்டு மூலைகள் தடுமாறி, பின்னிரண்டு சீராக இருந்தால், அந்த நெசவாளர் வேலையினூடே கற்றுக்கொண்டதைக் கண்ணால் பார்க்கிறீர்கள். ஒரு கரை அலகு, ஒரு மூலை, உடலில் ஒரு பூ என்று எல்லாவற்றிலும் ஒவ்வொரு துண்டு மட்டும் நெய்யப்பட்ட, முடிவே இல்லாதது போலத் தோன்றும் சிறு கம்பளம் கிடைத்தால், அதைக் கிழிந்த துண்டென்று ஒதுக்கிவிடாதீர்கள். அது ‘வாகிரே’ எனப்படும் மாதிரிக் கம்பளம். வடிவங்கள் ஊர்விட்டு ஊர் போன வழி அதுதான்.

படி 6: சாயம் தரும் காலம்

வடிவத்தின் வயதுக்கும் கம்பளத்தின் வயதுக்கும் உள்ள இடைவெளியைச் சாயம் காட்டிக்கொடுக்கும். சிவப்புக்கு மஞ்சிட்டி வேர், நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்கு மாதுளைத் தோலும் பிற செடிகளும், பழுப்புக்கு அக்ரூட் தோல் என்பது மரபு. குறிப்பாகக் கெர்மானிலும் குராசானிலும் பூச்சியிலிருந்து எடுத்த, நீலம் ஓடும் குளிர்ந்த சிவப்பைக் காணலாம். 1856இல் ஆங்கிலேய வேதியியலாளர் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்த பின், 1870-கள் முதல் அத்தகைய சாயங்கள் ஈரானியச் சந்தைக்குள் பரவின. காஜார் அரசு தடை போட்டும் முழுதாக நிற்கவில்லை. கம்பளத்தின் இழைகளை விரலால் பிளந்து பாருங்கள்: நுனி சாம்பலாக வெளிறி, அடியில் பளிச்சென்ற ஊதாவோ இளஞ்சிவப்போ இருந்தால் 1870-க்கு முன் போக வேண்டாம். இரும்புச் சத்துச் சேர்த்த கருஞ்சாயம் கம்பளி இழையை அரித்துவிடும். அதனால் பழைய கம்பளத்தில் கரும்பகுதி மட்டும் பள்ளமாகி, மற்ற வடிவம் மேலெழுந்து நிற்கும். ஒரே நிறம் பட்டைபட்டையாக மாறுவது ‘அப்ரஷ்’. நூலைச் சிறுசிறு அளவில் சாயமிட்டதன் விளைவு. அது ஊர்த் தறியைக் குறிக்கும்.

படி 7: எழுத்தும் ஆண்டும் இருந்தால்

ஹிஜ்ரி ஆண்டை மாற்ற, அதை 33ஆல் வகுத்து, வந்ததை அதிலிருந்தே கழித்து, 622 கூட்டுங்கள். 946இல் ஏறத்தாழ 29 கழித்தால் 917, கூட்டினால் 1539. ஆனால் 1925இல் ஈரான் சூரிய நாட்காட்டியைச் சட்டமாக்கியதால், 1305 என்ற எண் பழைய கணக்கில் 1887–88 ஆகவும் புதிய கணக்கில் 1926–27 ஆகவும் இருக்கலாம். சாயத்தையும் வடிவத்தையும் வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

பாரசீக எண் வடிவத்தில் 3இன் தலையில் இரண்டு பள்ளம், 2இன் தலையில் ஒன்று. ஒருசில முடிச்சுகளைப் பிடுங்கி மாற்றினால் 1322 என்பது 1222 ஆகிவிடும். 1904 என்பது 1807 ஆகிவிடும். எண்ணின் சுற்றுப்புறத்தைப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். புதிய நூல் அங்கே தெரியும். ஏமாற்று இல்லாமலும் குழப்பம் வரும். எழுதப் படிக்கத் தெரியாத நெசவாளர், பழைய கம்பளத்தில் இருந்த எண்ணை அலங்காரமாக நினைத்து அப்படியே நெய்திருப்பார். மிலானின் போல்தி பெத்சோலி அருங்காட்சியகத்தில் கியாசுத்தீன் ஜாமி பெயர் பொறித்த வேட்டைக் கம்பளத்தில் உள்ள ஆண்டு 949ஆ, 929ஆ என்றே அறிஞர்கள் நீண்டகாலம் வாதிட்டார்கள். அந்த ஒரு இலக்கத்தில் இருபது ஆண்டு வேறுபாடு அடங்கியிருக்கிறது.

படி 8: கேட்டவர் யார்

1722இல் ஆப்கானியப் படையிடம் இஸ்ஃபஹான் வீழ்ந்தபின் அரசப் பட்டறைகள் கலைந்தன. ஊர்களிலும் கூடாரங்களிலும் நெசவு தொடர்ந்தது. பெரிய வரைபட மரபு மட்டும் அறுந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய வீடுகளில் தேவை எழுந்தபோது, முதலில் தப்ரீஸ் வணிகர்கள், பிறகு அந்நிய நிறுவனங்கள், பழைய வடிவங்களைத் தேடி எடுத்துப் புதிதாக நெய்யச் செய்தார்கள். மான்செஸ்டரின் சீக்லர் நிறுவனம் 1880-களில் சுல்தானாபாத்தில், அதாவது இன்றைய அராக்கில், நிலைகொண்டது. அதன் கம்பளங்களில் சஃபாவித் பூக்கள் பெருத்து, இடைவெளி விட்டு, நிறம் மென்மையாகி, பிரிட்டிஷ் வரவேற்பறைக்கு ஏற்ற அமைதியோடு கிடக்கும். வரைந்த மரபு இஸ்ஃபஹான், நெய்தது அராக் ஊர்கள், கேட்டது மான்செஸ்டர்.

1920-களில் அமெரிக்கச் சந்தைக்காக நெய்யப்பட்ட சாரூக் இன்னும் வெளிப்படையான எடுத்துக்காட்டு. பதக்கம் போய், தனித்தனிப் பூங்கொத்துகள் உடலில் சிதறி நிற்கும். அமெரிக்காவில் இரசாயனக் கழுவலில் நிறம் வெளிற, இழையின் மேல் அடர்சிவப்பைத் தூரிகையால் பூசினார்கள். முன்பக்கம் கருஞ்சிவப்பாகவும் பின்பக்கம் இளஞ்சிவப்பாகவும் இருந்தால் ஐயமே வேண்டாம். இவற்றைத் தாழ்ந்தவை என்று ஒதுக்குவோர் உண்டு. கேட்டவருக்காக வரைவது ஷா அப்பாஸ் காலத்திலும் நடந்ததுதான். போலந்து மன்னர் மூன்றாம் சிகிஸ்முண்டின் ஆள் 1601–02இல் காஷானுக்கு வந்து கம்பளம் நெய்வித்தார். பொன், வெள்ளி இழையோடிய அத்தகைய பட்டுக் கம்பளங்களை 1878 பாரிஸ் கண்காட்சியில் போலந்தில் நெய்தவை என்றே நினைத்துவிட்டதால், ‘பொலோனேஸ்’ என்ற தவறான பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

‘ஷிராஸ்’ என்று பெயரிட்ட கம்பளங்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஷிராஸ் சந்தை நகரம். அங்கே விலைபோனவற்றில் பெரும்பகுதி சுற்றிலும் வாழ்ந்த பழங்குடியினர் நெய்தவை.

படி 9: ஒப்பிட்டு எழுதுங்கள்

முடிவை ஒரே ஊர்ப்பெயராகச் சுருக்காமல், மூன்று பகுதியாக எழுதிவையுங்கள். ‘பிஜார், 19ஆம் நூற்றாண்டின் இறுதி, கம்பளிப் பாவு, சமச்சீர் முடிச்சு, உடலில் குராசான் வழிவந்த ஹெராத்தி, மூலைகளில் ஐரோப்பிய ரோஜா, சந்தைக்காக நெய்யப்பட்டது’ என்பது போல. ஒவ்வொரு கூற்றுக்கும் கம்பளத்தில் எந்த இடம் சான்று என்று பக்கத்தில் குறிப்பது நல்லது. பிறகு ஒரு கூற்று தவறென்று தெரிந்தால் மற்றவை கலையாமல் நிற்கும்.

ஒப்பிடுவதற்கு நல்ல படங்கள் வேண்டும். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் ஆகியவற்றின் தொகுப்புகளை இணையத்தில் பெரிய அளவிலேயே பார்க்கலாம். தெஹ்ரானின் கம்பள அருங்காட்சியகம் நேரில் போகக் கூடியவர்களுக்கு. இந்தியாவில் இருப்பவர்கள் ஜெய்ப்பூர் போனால், ஆல்பர்ட் ஹாலின் தோட்டக் கம்பளத்தைத் தவற விடக்கூடாது. 1632ஆம் ஆண்டுக் குறிப்பு அதனோடு சேர்ந்தே கிடைத்திருப்பதால், 17ஆம் நூற்றாண்டுக் கெர்மான் கம்பளங்களின் காலத்தைக் கணிப்பவர்கள் இன்றும் அதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.